அடிபட்ட கண்ணில் வைத்த லென்ஸ் எத்தனை ஆண்டு உழைக்கும்?

கேள்வியின் சுருக்கம் இது: தம்பிக்கு 23 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கிரிக்கெட் பந்து வலது கண்ணில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் கட்டி, அது கரைந்த சில மாதங்களில் புரை விழுந்தது. அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்தார்கள். இப்போது கண்ணாடி போட்டால் பார்வைப் பலகையில் 6/9 வரிவரை படிக்கிறார் (6/6 என்பது முழுப் பார்வை). ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள்; பார்வை நன்றாக இருப்பதால் ஒன்றரை ஆண்டாகப் போகவில்லை. இந்த லென்ஸ் எத்தனை ஆண்டு வரும், நடுவில் மாற்ற வேண்டுமா, அப்போதே விலை கூடிய லென்ஸாக வைத்திருக்கலாமோ என்று அக்கா கேட்கிறார்.

லென்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் சுலபமான பகுதி. கண்ணுக்குள் வைத்த லென்ஸ் தேய்வதில்லை. உடம்பு அதைக் கரைப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் தேதி பெட்டியைத் திறக்கும்வரை கிருமியில்லாமல் இருப்பதற்கு உரியது. உள்ளே வைத்த பிறகு அதற்கு வேலை இல்லை. 23 வயதுக்காரர் 80 வயதுவரை அதே லென்ஸோடு வாழலாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கை லென்ஸ் என்ற எண்ணமே கண்காயத்திலிருந்துதான் பிறந்தது. 1940 ஆகஸ்ட் 15 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 601ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கார்டன் கிளீவர் ஓட்டிச் சென்ற ஹரிக்கேன் போர்விமானத்தின் மேல்மூடி, எதிரியின் குண்டு பட்டு நொறுங்கியது. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் சில்லுகள் இரு கண்களிலும் ஏறின. வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண்ணில் சில்லுகள் உள்ளேயே தங்கிவிட்டன. அவரையும் அவரைப் போன்ற மற்ற விமானிகளையும் பார்த்துவந்த ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் சும்மா கிடக்கின்றன, கண் அவற்றை எதிர்த்து வீங்குவதில்லை என்பதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புரை எடுத்த ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தினார். கிளீவரின் மிஞ்சிய கண்ணில் பின்னாளில் புரை விழுந்தபோது, 1987இல், அவருக்கும் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். காயம்பட்டு ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழித்து! நீண்டகாலப் பலன் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

அந்தப் பிளாஸ்டிக்கின் வேதிப்பெயரைச் சுருக்கி பி.எம்.எம்.ஏ. என்பார்கள். இன்று பெரும்பாலும் வைப்பது மடித்துச் செலுத்தக்கூடிய அக்ரிலிக் லென்ஸ். இரண்டும் ஒரே குடும்பம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் சாதாரண மக்களுக்கு அது கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. விலை குறைந்தது என்பதால் ஆயுளும் குறைவு என்று நினைக்க வேண்டாம். உண்மையில் அடிபட்ட கண்ணுக்கு விலை கூடியது கெடுதலாகவும் முடியலாம். தூரம், பக்கம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் சரியாக வேலை செய்ய, லென்ஸ் நட்டநடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்; பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கரிய துவாரம், வட்டமாகச் சுருங்கி விரிய வேண்டும்; விழித்திரை பழுதில்லாமல் இருக்க வேண்டும். பந்து பட்ட கண்ணில் இந்த மூன்றுக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் தம்பிக்குச் சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸ் வைத்திருந்தால், அறுவை மருத்துவர் விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சிரமமான பகுதி. காயம்பட்ட கண்ணில் கடைசியில் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று முன்கூட்டிக் கணிக்க, கண்காய மதிப்பெண் என்ற ஒரு முறை 2002இல் வெளியானது. ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: முதல்நாள் பார்வை எவ்வளவு இருந்தது, அடியின் வேகத்தில் கண்சுவர் வெடித்ததா, உள்ளே சீழ் பிடித்ததா, பாய்ந்த பொருள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறியதா, விழித்திரை பிரிந்ததா, பார்வை நரம்பு அடிபட்டதற்கு அடையாளமாகப் பாவை வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்காமல் இருக்கிறதா. இந்த ஆறில் லென்ஸ் இல்லை. புரை விழுந்ததா, லென்ஸ் உடைந்ததா என்ற கேள்வியே அதில் கிடையாது. லென்ஸ் போனால் வேறு வைத்துக்கொள்ளலாம்; மற்ற ஆறையும் அப்படி மாற்ற வழியில்லை. லென்ஸ் எத்தனை ஆண்டு வரும் என்ற உங்கள் கேள்வியை, லென்ஸைச் சுற்றியுள்ள கண் எத்தனை ஆண்டு தாங்கும் என்று நான் திருப்பிக்கொள்வது இதனால்தான்.

வேகமாக வரும் பந்து கண்ணில் மோதும்போது கண்கோளம் முன்பின்னாக நசுங்குகிறது. உள்ளே இருப்பதெல்லாம் நீர்மமும் கூழும் என்பதால் அது சுருங்காது; பக்கவாட்டில் பிதுங்குகிறது. அந்த ஒரு கணத்தில் கண்ணின் இடுப்புப் பகுதி இழுபடுகிறது. அங்கேதான் முக்கியமான எல்லாம் இருக்கின்றன: கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிக்குப் பின்னுள்ள, கண்ணுக்கு நிறம் தரும் வண்ணத்திரையின் வேர், கண்நீர் வடியும் கோணம், லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள், விழித்திரையின் விளிம்பு. ரத்தம் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் அந்தக் கோணத்தில் ஏற்பட்ட கிழிசலிலிருந்து வந்த ரத்தம். ரத்தம் கரைந்துவிடும், கிழிசல் அங்கேயே இருக்கும். இந்த ஒரு விவரம் இனிச் சொல்லப்போகும் பலவற்றுக்கும் அடிப்படை.

லென்ஸைத் தாங்கும் இழைகளை எடுத்துக்கொள்வோம். நம் சொந்த லென்ஸ் மெல்லிய ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பையைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான இழைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, கயிற்றுக் கட்டிலைச் சட்டத்தோடு பின்னியிருப்பதைப் போல. பந்து பட்டதில் ஒரு பக்கத்துக் கயிறுகள் சில அறுந்திருக்கலாம். கட்டில் உடனே விழுந்துவிடாது. மிச்சக் கயிறுகள் பாரத்தைச் சுமக்கும். ஆனால் சுமை கூடிய அந்தக் கயிறுகளும் ஆண்டுகள் போகப்போகத் தளரும். அறுவைக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள், பத்து ஆண்டுகள் கழித்து, லென்ஸ் பையோடு சேர்ந்து ஒரு பக்கம் சரிந்து நிற்பதை எல்லா மருத்துவமனைகளிலும் பார்க்கிறோம். முன்பு அடிபட்டிருப்பது அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. ஸ்லிட் லாம்ப் கருவியில் நெற்றியை வைத்து, 'மேலே பாருங்கள், இப்போது நேராகப் பாருங்கள்' என்று சொல்லும்போது கண் நின்ற பிறகும் உள்ளே லென்ஸ் ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்த நடுக்கம் தெரிந்தால் இழைகள் தளர்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். நோயாளிக்கு அப்போது எந்தத் தொந்தரவும் இருக்காது, 6/6 படிப்பார்.

எனவே உங்களிடம் நான் முதலில் கேட்பது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். அதோடு ஒரு சின்ன அட்டையும் தந்திருப்பார்கள். லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்கும்போது, அந்தத் துண்டுக் காகிதம் பல சோதனைகளை மிச்சப்படுத்தும். டிஸ்சார்ஜ் தாளில் லென்ஸை எங்கே வைத்தார்கள் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். லென்ஸின் எதிர்காலம் அதன் விலையைவிட, அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

'பைக்குள்' என்று எழுதியிருந்தால் நல்லது. அது கடவுள் கொடுத்த இடம். கூடவே சி.டி.ஆர். என்று எழுதியிருந்தால், இழைகள் கொஞ்சம் அறுந்திருந்தன, பை சுருங்கி ஒரு பக்கம் இழுபடாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வளையம் பையை விரித்துப் பிடிக்கும். அறுந்த இழையை ஒட்டவைக்காது. ஆகவே அத்தகையவர்கள் ஆண்டுதோறும் காட்டிக்கொள்ள வேண்டும்.

'சல்கஸ்' என்றிருந்தால் லென்ஸ் பைக்கு முன்னால், வண்ணத்திரைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று துண்டாகச் செய்த, மெல்லிய கம்பிக் கைகளுள்ள லென்ஸாக இருந்தால் பல பத்தாண்டுகள் அமைதியாக இருக்கும். பைக்கென்றே செய்த ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்ஸை அங்கே வைத்துவிட்டால் அதன் தடித்த கைகள் வண்ணத்திரையின் பின்புறத்தை உரசிக்கொண்டே இருக்கும். நிறமித் தூள் உதிரும், அழற்சி வந்து வந்து போகும், சில நேரம் கண்ணுக்குள் ரத்தம் கசியும், அழுத்தம் ஏறும். லென்ஸை மாற்ற வேண்டியே தீரும் சூழல்களில் இது ஒன்று.

பையே மிஞ்சாத கண்கள் உண்டு. அங்கே வழிகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. கருவிழிக்கும் வண்ணத்திரைக்கும் நடுவில், முன்னறையில் வைக்கும் லென்ஸ் பழைய வழி. 1980களில் வந்த மூடிய வளையக் கைகளுள்ள முன்னறை லென்ஸ்கள் எத்தனையோ கருவிழிகளை வெளுக்கச் செய்து, கருவிழி மாற்று அறுவையில் கொண்டுவிட்டன. இன்றுள்ள திறந்த கை லென்ஸ்கள் அவ்வளவு மோசமில்லை. என்றாலும் கருவிழியின் உட்புறத்தைத் தெளிவாக வைத்திருக்கும் செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 தான், போனால் வளராது. பந்து பட்டபோதே அவற்றில் கொஞ்சம் போயிருக்கும். இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு வாழவேண்டிய ஓர் இளைஞருக்கு முன்னறை லென்ஸை நான் விரும்பமாட்டேன்.

வண்ணத்திரையை நண்டின் இடுக்கிபோலக் கவ்வி நிற்கும் லென்ஸை நெதர்லாந்தின் யான் வொர்ஸ்ட் உருவாக்கினார். இந்தியாவில் அமிர்தசரஸின் தல்ஜீத் சிங் அதைப் பெருமளவில் பயன்படுத்தியவர். இப்போது அதை வண்ணத்திரைக்குப் பின்பக்கம் மாட்டுகிறார்கள். கருவிழிக்குத் தொலைவு கிடைக்கிறது. இன்னொரு வழி, லென்ஸை வெண்விழிச் சுவரோடு நூலால் தைப்பது. பத்து-பூஜ்யம் என்று சொல்லும், தலைமுடியைவிட மெல்லிய பாலிபுரொப்பிலின் நூல் நீண்டநாள் இதற்குப் பயன்பட்டது. வயதானவர்களிடம் அது போதுமானதாகத் தோன்றியது. இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும்தான் உண்மை தெரியவந்தது: ஐந்தாறு ஆண்டு, பத்து ஆண்டு கழித்து நூல் இற்று அறுந்து, காலையில் எழுந்தபோது லென்ஸ் கண்ணுக்குள் விழுந்து கிடந்தது. இளவயதில் வைக்கும் லென்ஸை இளவயதுக்காரரின் ஆயுளை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதைக் கண் மருத்துவம் அந்த நூலிடம் கற்றுக்கொண்டது. இப்போது தடித்த நூலோ, கோர்-டெக்ஸ் என்ற எளிதில் இற்றுப்போகாத நூலோ போடுகிறார்கள். அல்லது நூலையே விட்டுவிடுகிறார்கள்: சென்னையில் அமர் அகர்வால் 2007இல் தொடங்கிய முறையில் லென்ஸின் கைகளை வெண்விழிச் சுவருக்குள்ளேயே செருகி, மேலே ஃபைப்ரின் பசையால் மூடுகிறார்கள். ஜப்பானின் ஷின் யமானே அந்தக் கைகளின் நுனியைச் சூடாக்கிச் சிறு குமிழாக்கிச் சுவருக்குள் அமுக்கிவிடும் வழியைக் கொண்டுவந்தார். இரண்டும் நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் இவற்றின் வயது இருபது ஆண்டுக்குள்தான். ஐம்பது ஆண்டுக் கணக்கு யாரிடமும் கிடையாது.

இவ்வளவு விவரம் சொல்லியும், உங்கள் தம்பி விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை லென்ஸ் எங்கே இருக்கிறது என்பதல்ல. ஒன்றரை ஆண்டாகப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

கண்நீர் வடியும் கோணம் கிழிந்ததைச் சொன்னேன். கிழிந்த இடம் தழும்பாகிறது. வடிகால் மெல்ல மெல்ல அடைபடுகிறது. கண் அழுத்தம் இயல்பின் மேல் எல்லையான 21க்கு மேல் ஏறி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து தின்னத் தொடங்குகிறது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாகவே இருக்கும். இந்த வகை கண் அழுத்த நோய் இரண்டு காலங்களில் வரும்: காயத்தின் முதல் ஓராண்டுக்குள் ஒரு கூட்டம், பத்து ஆண்டு தாண்டி இன்னொரு கூட்டம். கோணத்தில் பாதி வட்டத்துக்கு மேல் கிழிந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர்வரை என்றாவது ஒருநாள் இதில் மாட்டுகிறார்கள். விநோதம் என்னவென்றால், இவர்களில் கணிசமானவர்களுக்கு அடிபடாத மறு கண்ணிலும் அழுத்தம் கூடியிருப்பதைக் காண்கிறோம். அதனால் பரிசோதனை இரு கண்களுக்கும்தான்.

இப்படி வருகிறவர்களின் கண் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர் படிக்கும் கண்ணாடிக்காக வந்து உட்காருகிறார். தூரப்பலகையில் 6/9 படிக்கிறார், சிரமமில்லை. ஸ்லிட் லாம்பில் பார்த்தால் பாவை சரியான வட்டமாக இல்லை. ஏழு மணி திசையில் சின்னதாக ஒரு வெட்டு. லென்ஸ் பளிச்சென்று இருக்கிறது. 'சின்ன வயதில் அடிபட்டதா?' என்றால், யோசித்து, 'கிட்டிப்புள் பட்டதுங்க, பள்ளிக்கூடம் படிக்கையில. ஆபரேஷன் பண்ணி சரியாப் போச்சு' என்கிறார். அழுத்தம் 34. பின்னால் பார்வை நரம்பின் குழிவு விளிம்புவரை விரிந்திருக்கிறது. பக்கப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. இரவில் பைக் ஓட்டும்போது வலப்பக்கத்து ஆள் திடீரென்று முளைப்பதாக அவரே பிறகு சொல்வார். லென்ஸ் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. தெளிவான லென்ஸ் கொடுத்த தைரியத்தில் அவர் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுகளை வாழ்நாள் முழுவதும் போட வேண்டிவரலாம். இந்த வகைக்கு லேசர் அவ்வளவாக உதவுவதில்லை. சொட்டில் அடங்காவிட்டால் அறுவை. போன பக்கப் பார்வை மட்டும் திரும்பாது. ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: கண் சிவந்தால் மருந்துக் கடையில் நேரே போய் வாங்கிப் போடும் சொட்டுகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சாதாரணக் கண்களிலேயே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். வடிகால் ஏற்கெனவே பழுதான கண்ணில் கேட்கவே வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை மாதக்கணக்கில் வாங்குகிற வழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது விழித்திரை. பந்து போன்ற மொட்டைக் காயத்தில் விழித்திரையின் விளிம்பு கிழிவது உண்டு. ஆனால் அது உடனே பிரிந்துவிடுவதில்லை. இளைஞர்களின் கண்ணுக்குள் உள்ள கூழ் கெட்டியானது. கிழிசலை அதுவே சில காலம் அடைத்து நிற்கும். பின்னால் பிரிகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்கு அது முதல் இரண்டு ஆண்டுக்குள் நடந்துவிடுகிறது. உங்கள் தம்பி அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டார் என்பது நல்ல செய்தி. ஆபத்து முழுதும் விலகிவிட்டது என்பதில்லை. இருட்டில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று கொசுக்கூட்டம்போல் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல்: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது.

பார்வை மெல்ல மங்கினால் பதற வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் உள்ள பையின் தோல் வெளுத்துப்போவதுதான் பெரும்பாலும் காரணம். மக்கள் 'புரை மறுபடி வளர்ந்துவிட்டது' என்பார்கள். லென்ஸ் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. இளைஞர்களிடமும் அடிபட்ட கண்களிலும் இது சீக்கிரமே வரும். யாக் லேசரில் சில நிமிடங்களில் அந்தத் தோலின் நடுவில் ஜன்னல் திறந்துவிடுவார்கள். கத்தி இல்லை, படுக்கை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: அடிபட்ட கண்ணில் லேசருக்கு முன் விழித்திரையின் விளிம்பை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம், கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் குவியத்தை மாற்றிக்கொள்ளும் சக்தி. 20 வயதில் புரை எடுத்தவருக்கு அந்தக் கண்ணில் அது அன்றோடு போயிற்று. செயற்கை லென்ஸ் குவியத்தை மாற்றிக்கொள்ளாது. மறு கண் நன்றாக இருப்பதால் அவர் படிக்கிறார், கைபேசி பார்க்கிறார், குறையே தெரிவதில்லை. நல்ல கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னால்தான் திகைப்பார். இது பழுதல்ல, தேவைப்பட்டால் பைஃபோகல் கண்ணாடி போதும். அப்படியானால் லென்ஸே வைக்காமல் கண்ணாடியில் சமாளித்திருக்கலாமே என்றும் கேட்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இல்லாமல் தடித்த கண்ணாடி போட்டால், அந்தக் கண்ணில் உருவம் ஏறத்தாழ நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு பெரிதாகத் தெரியும். இரண்டு அளவிலான உருவங்களை மூளை ஒன்று சேர்க்காது. எல்லாம் இரண்டாகத் தெரியும். ஒற்றைக் கண் காயத்துக்குச் செயற்கை லென்ஸ் கிட்டத்தட்டக் கட்டாயமாவது அதனால்தான்.

வெயில் கூசுகிறது என்று தம்பி சொன்னால் அதற்கும் லென்ஸைக் குறைசொல்ல வேண்டாம். வண்ணத்திரையின் தசை நைந்து பாவை விரிந்தபடியே நின்றுவிட்டிருக்கும். நிறக்கண்ணாடி போதாவிட்டால் பாவையைச் சின்னதாக்கித் தைக்க முடியும்.

உளி, ஆணி, கம்பி, கண்ணாடி போன்ற கூரிய பொருள் குத்திய காயத்தின் கதை வேறு. அங்கே பார்வையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கருவிழியில் விழுந்த தழும்பு. எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் கோணலான ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் பலருக்கு அந்தக் கோணலைச் சரிசெய்கிறது. தழும்பு இருந்தால் லென்ஸின் பவரைக் கணிக்க மறு கண்ணின் அளவுகளை இரவல் வாங்க வேண்டிவரும். கொஞ்சம் கூடுதல் குறைவாக அமைவது சகஜம். சுத்தியலடியில் தெறித்த இரும்புத் துகள் உள்ளேயே தங்கிவிட்டால் அது மெல்லக் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். அத்தகையவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் கூடாது, காந்தம் அந்தத் துகளை அசைத்துவிடும். செயற்கை லென்ஸ் மட்டும் இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம். கூரிய காயத்தில் இன்னோர் அபாயம், அடிபட்ட கண்ணைப் பார்த்து நல்ல கண்ணும் அழற்சியில் விழுவது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கே வரும், பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணை இழந்த லூயி பிரெய்ல், ஐந்து வயதுக்குள் மறு கண் பார்வையையும் இழந்தது இப்படித்தான் இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அவர் காலத்தில் ஸ்டீராய்டு இல்லை. இன்று சீக்கிரம் வந்தால் அடக்கிவிடலாம். நல்ல கண் சிவந்து மங்கினால், அடிபட்ட விவரத்தை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்காக ஒன்று. ஏழெட்டு வயதுக்குள் அடிபட்ட குழந்தைக்கு லென்ஸ் வைப்பது பாதி வேலைகூட இல்லை. மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவிடும். நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் ஒட்டி மூடி, பழுதான கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். குழந்தை அழும், பிய்த்து எறியும். பாட்டி 'பாவம், விடு' என்பார். அந்த ஓராண்டில் விட்டுக்கொடுத்தால், பின்னாளில் எந்த லென்ஸும் அதை ஈடுசெய்யாது. கண் வளர வளரப் பவரும் மாறும் என்பதால் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். கண்ணாடி போட்டாக வேண்டியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

லென்ஸை உண்மையிலேயே மாற்றவோ திருப்பி நிறுத்தவோ வேண்டிவருவது எப்போது? சரிந்து பாவையின் நடுவிலிருந்து விலகும்போது. வண்ணத்திரையை உரசிக்கொண்டே இருக்கும்போது. பவர் மிகவும் பிசகியிருக்கும்போது. அபூர்வமாக, லென்ஸே வெளுக்கும்போது. கடைசியில் சொன்னது நீர் உறிஞ்சும் வகை அக்ரிலிக்கில் நடக்கும். பின்னொரு நாள் விழித்திரைக்கோ கருவிழிக்கோ அறுவை செய்து கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தினால், அந்த வகை லென்ஸில் சுண்ணாம்பு படிந்துவிடலாம். அடிபட்ட கண்ணுக்கு அத்தகைய அறுவை பின்னால் தேவைப்படக் கூடும் என்பதால், நீர் உறிஞ்சாத வகையை வைப்பதே முன்யோசனை. உங்கள் அட்டையில் எந்த வகை என்று பாருங்கள். அது நீர் உறிஞ்சும் வகையாக இருந்தாலும் இப்போது தெளிவாக இருக்கும்வரை தொடவே வேண்டாம்.

விளையாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 23 வயதுக்காரர் கிரிக்கெட்டை விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆடட்டும். பாலிகார்பனேட் கண்ணாடி பொருத்திய விளையாட்டுக் காப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடட்டும். சாதாரணக் கண்ணாடி பந்து பட்டால் உடைந்து அதுவே காயமாகும். இரண்டாவது அடியைத் தாங்கும் அளவுக்கு அந்தக் கண்ணில் இழைகள் மிச்சமிருக்கும் என்று நம்ப முடியாது. வெல்டிங், கிரைண்டர் வேலை என்றால் வேலை முடியும்வரை காப்புக்கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

இந்த வாரமே நேரம் வாங்குங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் தாளையும் லென்ஸ் அட்டையையும் எடுத்துச்செல்லுங்கள். 'பந்து பட்ட கண்' என்பதைச் சொல்லுங்கள். புரை அறுவை செய்த கண் என்று மட்டும் சொன்னால் சாதாரணப் பரிசோதனையோடு அனுப்பிவிடுவார்கள். இரு கண்களிலும் அழுத்தம் அளக்க வேண்டும். கோனியோஸ்கோபி என்று ஒரு சோதனை, கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் கண்மேல் வைத்துக் கோணத்தைப் பார்ப்பது, இதுவரை செய்திருக்கிறார்களா, எத்தனை டிகிரி கிழிந்திருக்கிறது என்று கேளுங்கள். சொட்டு விட்டுப் பாவையை விரித்து விழித்திரையின் ஓரத்தைப் பார்க்கட்டும். அன்று வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், அவருக்கு மாலைவரை கண் கூசும். கிழிசல் பாதி வட்டத்துக்குக் குறைவு, அழுத்தம் இயல்பு, லென்ஸ் ஆடவில்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று அவர்களே சொல்லக்கூடும். பாதிக்கு மேல் என்றால் ஆறு மாதக் கணக்கை விடாதீர்கள்.